பலூன் களத்திலிருந்து எக்ஸ்போசாட் வரை: ஐதராபாத் வழியாக ஓர் எக்ஸ்-கதிர் வரலாறு

எக்ஸ்போசாட் செயற்கைக்கோளின் வரலாற்றை ஸ்ரீஹரிகோட்டாவில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. 2024 ஜனவரி 1 அன்று காலை 9.10 மணிக்கு பி.எஸ்.எல்.வி. சி58 ஏவூர்தி அதைச் சுமந்து சென்றது. புத்தாண்டின் முதல் செய்தியாக அது நாளிதழ்களில் இடம்பெற்றது. விண்வெளி மூலங்களிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களின் தளவிளைவை அளப்பதற்கென்றே அமைந்த முதல் இந்தியச் செயற்கைக்கோள் என்னும் அறிமுகமும் உடன் வந்தது. இவற்றில் பிழையேதும் இல்லை. ஆனால் ஒரு கருவியின் வரலாறு ஏவப்பட்ட நாளில் தொடங்குவதில்லை. எக்ஸ்-கதிர் வானியல் இந்தியாவில் எப்போது, எங்கே, ஏன் வேரூன்றியது என்று கேட்டால் விடை வேறொரு நாளுக்கும் வேறொரு நகரத்துக்கும் அழைத்துச் செல்லும். நாள் 1968 ஏப்ரல் 28. நகரம் ஐதராபாத்.

அன்று டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் குழுவொன்று பாலித்தீன் பலூன் ஒன்றில் எக்ஸ்-கதிர் உணர்கருவியைக் கட்டி வளிமண்டலத்தின் உயர் அடுக்குக்கு அனுப்பியது. இலக்கு, விருச்சிக விண்மீன் குழுவிலுள்ள ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1. சூரியனை விட்டால் வானத்திலேயே பிரகாசமான நிலையான எக்ஸ்-கதிர் மூலம் அதுதான். 1962 ஜூனில் அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து ஏவப்பட்ட ஏரோபீ ராக்கெட்டில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு வைத்த கருவிகள் அதைத் தற்செயலாகக் கண்டன. நிலவிலிருந்து எக்ஸ்-கதிர் வருகிறதா என்று தேடப் போனவர்களுக்கு வேறொன்று கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்து ஆறாண்டுகளுக்குள் அதே மூலத்தை ஐதராபாத்தின் வானத்திலிருந்து ஒரு பலூன் நோக்கியது என்பது, இந்திய அறிவியல் எப்போதும் பிறரைப் பின்தொடர்ந்தே வந்தது என்னும் பொதுக்கருத்தோடு பொருந்தாத செய்தி.

இந்த வேகத்துக்கு ஒரு காரணம் பி.வி.ஸ்ரீகண்டன். காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியில், குறிப்பாகக் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நடந்த சோதனைகளில் பயின்றவர். 1960களின் நடுவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் புரூனோ ரோஸியின் வட்டத்தில் இருந்தபோது, ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 வானத்தில் எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாக அளந்த ராக்கெட் சோதனையில் பங்கெடுத்தார். 1966இல் வெளியான அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் ஜியாக்கோனி, மினோரு ஓடா ஆகியோருடன் அவர் பெயரும் உண்டு. அந்த இருப்பிடத்தைக் கொண்டுதான் அம்மூலத்துக்குரிய விண்மீன் ஒளியியல் தொலைநோக்கிகளில் அடையாளம் காணப்பட்டது. நாடு திரும்பியவருக்கு ராக்கெட் கைக்கெட்டும் தொலைவில் இல்லை. தும்பாவில் அப்போதுதான் தொடக்க முயற்சிகள் நடந்துகொண்டிருந்தன. ஆனால் பலூன் இருந்தது. டாட்டா நிறுவனத்தில் காஸ்மிக் கதிர்களுக்காகப் பலூன் விடும் மரபு ஹோமி பாபாவின் காலத்திலேயே தொடங்கியது. பிளாஸ்டிக் பலூன்களை நிறுவனமே செய்யக் கற்றிருந்தது. 1960களின் தொடக்கத்தில் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து பறந்த பலூன்களுக்கு, அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஈ.சி.ஐ.எல். பகுதியில் நிலையான களம் அமைந்தது. இன்று தேசிய பலூன் நிலையம் என்று அறியப்படுவது அதுவே.

ஏன் ஐதராபாத்? பம்பாயில் தலைமையகம் கொண்ட நிறுவனம், தக்காணப் பீடபூமியின் நடுவே வந்து களம் அமைத்தது நிர்வாக வசதிக்காக மட்டும் அன்று. முதற்காரணம் புவியின் காந்தப்புலம். விண்வெளியிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைப் புவியின் காந்தப்புலம் வளைத்துத் திருப்பிவிடுகிறது. காந்த நடுக்கோட்டுக்கு அருகே இந்தத் தடை மிக வலியது. துகளின் உந்தத்தை அதன் மின்னூட்டத்தால் வகுத்துப் பெறும் அளவை கிகா வோல்ட்டில் குறிப்பது வழக்கம். ஐதராபாத்தின் மீது செங்குத்தாக இறங்க வேண்டுமானால் ஒரு துகளுக்கு அது ஏறத்தாழ 17 இருக்க வேண்டும். அமெரிக்காவின் புகழ்பெற்ற பலூன் தளமான டெக்சாஸ் மாநிலத்துப் பாலஸ்டைனில் இவ்வளவு 5க்கும் குறைவு. எனவே அங்கே உள்ளே வந்துவிடும் ஏராளமான துகள்கள் இங்கே வருவதில்லை. எக்ஸ்-கதிர் உணர்கருவிக்குக் காஸ்மிக் துகளும் அதன் வழித்தோன்றல்களும் இரைச்சல். இரைச்சல் குறைந்த இடத்தில் மெல்லிய குரலும் கேட்கும்.

அகலாங்கும் துணை நின்றது. ஐதராபாத் வட அகலாங்கு 17.5 பாகையில் இருக்கிறது. நண்டு நெபுலாவின் நடுவரை விலக்கம் 22 பாகை. ஆகவே அது ஐதராபாத்தின் தலைக்கு நேர் மேலே, உச்சியிலிருந்து நாலரைப் பாகை மட்டுமே விலகிக் கடக்கிறது. பலூன் வானியலுக்கு இது சிறு வசதி அன்று. பலூன் எவ்வளவு உயரம் போனாலும் அதற்கு மேலே கொஞ்சம் காற்று மிஞ்சியிருக்கும். சாய்வாகப் பார்த்தால் அந்தக் காற்றின் தடிப்பு கூடும், நேராகப் பார்த்தால் குறையும். 40 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மேல் ஏறத்தாழ 3 கிராம் காற்று எஞ்சியிருக்கிறது. கேட்பதற்கு அற்பம். ஆனால் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ்-கதிர்களில் பத்தில் ஒரு பங்கே அதைக் கடந்து வரும். 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒன்றுமே வராது என்று சொல்லிவிடலாம். பலூன் வானியல் என்பது இயல்பிலேயே கடின எக்ஸ்-கதிர்களின் வானியல். இந்த எல்லை பின்னால் மீண்டும் தேவைப்படும்.

சாதகங்களைச் சொன்னால் ஒரு பாதகத்தையும் சொல்ல வேண்டும். வெப்பமண்டலத்தில் வளிமண்டலத்தின் கீழடுக்கு முடியும் இடம், ஏறக்குறைய 16, 17 கிலோமீட்டர் உயரத்தில், துருவப் பகுதியைக் காட்டிலும் குளிர்ந்தது. உறைநிலைக்குக் கீழே 80 பாகை, சில வேளைகளில் அதற்கும் கீழே. கோடையில் தார்ச்சாலை உருகும் ஊருக்கு மேலே இத்தகைய குளிர் நிற்கிறது என்பதைப் பலூனைச் செய்தவர்கள் தங்கள் தோல்விகளின் வழியாகக் கற்றனர். மிதவெப்ப நாடுகளுக்கென வடிவமைத்த பாலித்தீன் அந்தக் குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும். வெப்பமண்டலத்துக்குத் தாங்கும் படலத்தைத் தேர்ந்தெடுப்பதும் அதை ஒட்டித் தைப்பதும் ஐதராபாத்தின் தனித்திறனாக வளர்ந்தன. அறிவியல் வரலாற்றில் இத்தகைய கைத்திறன் ஆவணங்களின் ஓரக்குறிப்பாகவே நிற்கிறது, நிற்கக் கூடாது.

பலூன் ஏறுவது பாதிக் கதைதான். கருவி இறங்கவும் வேண்டும். கட்டளை கிடைத்ததும் பலூனிலிருந்து அறுந்து பாராசூட்டில் தொங்கியபடி இறங்கும் கருவிப்பெட்டி, தெலங்கானா, ஆந்திரம், கர்நாடகம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களின் ஏதேனும் ஒரு வயலில் விழும். அதனால் பருவந்தோறும் பொது அறிவிப்பு வெளியாகும்: வானிலிருந்து இறங்கும் பெட்டியை யாரும் திறக்கவோ கலைக்கவோ வேண்டாம், அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ அஞ்சலகத்துக்கோ தெரிவியுங்கள், தகவல் தருவோருக்குத் தக்க வெகுமதி உண்டு. அரை நூற்றாண்டாக இந்திய உயர் ஆற்றல் வானியலின் தரவு உழவர்களின் நல்லெண்ணத்தையும் நம்பியிருந்தது என்று சொல்வது மிகை அன்று. 2022 டிசம்பரில்கூட, அயல்நாட்டு நிறுவனமொன்றுக்காக விடப்பட்ட பெரிய சோதனைக் கூடு விகாராபாத் மாவட்டத்தில் இறங்கியபோது ஊர்மக்கள் கூடி நின்று வியந்த படங்கள் செய்திகளில் வந்தன.

1968க்குப் பிறகு ஐதராபாத்திலிருந்து ஏறிய கருவிகள் நண்டு நெபுலாவையும், சிக்னஸ் எக்ஸ்-1 என்னும் கருந்துளை இணையையும், வேறு பல மூலங்களையும் நோக்கின. செனான் வாயு நிரப்பிய பெரும் பரப்பு எண்ணிகளைச் செய்யும் திறன் இப்பறப்புகளில்தான் முதிர்ந்தது. ஓர் எக்ஸ்-கதிர் ஃபோட்டான் வாயுவில் எலக்ட்ரானை உதிர்க்கும். உயர் மின்னழுத்தக் கம்பி அந்தச் சிறு மின்னூட்டத்தைப் பெருக்கிக் காட்டும். துடிப்பின் அளவு ஃபோட்டானின் ஆற்றலுக்கு விகிதமாக அமையும். கருத்து எளியது. கசியாத பெட்டி, தூய வாயு, ஒரே இழுவிசையில் நிற்கும் நூற்றுக்கணக்கான கம்பிகள் என்று செய்முறை கடியது. 1996இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-பி3 செயற்கைக்கோளின் எக்ஸ்-கதிர்க் கருவியும், 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டின் பெரும் பரப்பு எண்ணிகளும் இந்தக் கைத்திறனின் தொடர்ச்சி. ஐ.ஆர்.எஸ்.-பி3 தரவுகளைக் கொண்டு டாட்டா நிறுவனக் குழு 1990களின் இறுதியில் எழுதிய கட்டுரைகளில் இடம்பெற்ற இளம் ஆய்வாளர்களுள் ஒருவர் பிஸ்வஜித் பால். பின்னர் பெங்களூருவின் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் எக்ஸ்போசாட்டின் முதன்மைக் கருவியான போலிக்ஸை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை ஏற்றவர் அவரே.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். போலிக்ஸ் ஐதராபாத்தில் செய்யப்படவில்லை. எக்ஸ்போசாட்டை ஐதராபாத்தின் குழந்தை என்று உரிமை கொண்டாடுவது ஊர்ப்பற்றே தவிர வரலாறு ஆகாது. சொல்லத்தக்கது இவ்வளவே: ஒரு கருவி மரபும், இரைச்சலைக் குறைப்பதற்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சிந்தனை முறையும் அங்கே உருவாயின, இரண்டும் பின்னர் வேறு ஊர்களுக்குப் பெயர்ந்தன.

ஐதராபாத்தின் பலூன்கள் அளந்தவை மூன்று: எத்தனை ஃபோட்டான், என்ன ஆற்றல், எந்த நேரம். நான்காவது ஒன்று உண்டு; அதை அளக்க உலகமே திணறியது. அதுதான் தளவிளைவு.

இச்சொல்லின்மீது சற்று நிற்பது பயன் தரும். 1808இல் எத்தியென் லூயி மாலூஸ், பாரிசின் லக்சம்பர்க் அரண்மனைச் சன்னல்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைக் கால்சைட் படிகத்தின் வழியே பார்த்து, படிகத்தைச் சுழற்றச் சுழற்ற ஒளி கூடுவதையும் குறைவதையும் கண்டார். ஒளி துகள்களால் ஆனது என்று நம்பியவர் அவர். காந்தத்துக்கு இருப்பதுபோல் அத்துகள்களுக்கும் துருவங்கள் இருக்கின்றன, எதிரொளிப்பு அவற்றை ஒரே பக்கமாகத் திருப்புகிறது என்று எண்ணி, துருவம் என்னும் பொருள்படும் அடிச்சொல்லிலிருந்து 1811இல் பெயர் சூட்டினார். சில ஆண்டுகளில் ஃபிரெனெல் ஒளியைக் குறுக்கலையாக விளக்கினார். துருவங்கள் மறைந்தன, பெயர் மட்டும் நின்றது. ஐரோப்பிய மொழிகள் இன்றும் அந்தப் பிழையைச் சுமக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் தளவிளைவு என்னும் சொல்லோ, அலையின் அதிர்வு ஒரு தளத்துக்குள் அடங்கும் நிகழ்வை நேரே குறிக்கிறது. இலங்கை வழக்கிலுள்ள முனைவாக்கம் மூலச்சொல்லுக்கு நேர்மையானது. தளவிளைவு இயற்பியலுக்கு நேர்மையானது. கலைச்சொல்லாக்கத்தில் மொழிபெயர்ப்புக்கும் பொருள்பெயர்ப்புக்கும் உள்ள வேற்றுமைக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எக்ஸ்-கதிரும் தளவிளைவு கொள்ளும் என்பதை 1900களின் முதற்பத்தாண்டிலேயே சார்லஸ் பார்க்லா ஆய்வகத்தில் காட்டிவிட்டார். எக்ஸ்-கதிர் அலை எனக் கருதுவதற்கு அது அன்று வலுவான சான்று. அவர் பயன்படுத்தியது சிதறல். எலக்ட்ரான்மீது பட்டுச் செங்கோணத்தில் சிதறும் கதிர், தன் மின்புலம் அதிரும் திசைக்குக் குறுக்கான திசையில் அதிகமாகவும், அதிரும் திசையிலேயே மிகக் குறைவாகவும் போகும். எனவே சிதறடிக்கும் பொருளை நடுவில் வைத்து, சுற்றிலும் உணர்கருவிகளை நிறுத்தி, எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணினால் தளவிளைவின் அளவும் கோணமும் கிடைத்துவிடும். நூறாண்டுக்குப் பின் போலிக்ஸ் செய்வதும் இதையேதான்: நடுவில் பெரிலியம் வட்டு, நாற்புறமும் நான்கு வாயு எண்ணிகள்.

இந்த அளவு வானியலுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை நண்டு நெபுலா காட்டுகிறது. 1953இல் சோவியத் ஒன்றியத்தின் ஷ்க்லோவ்ஸ்கி, அந்த நெபுலாவின் ஒளி சூடான வாயுவின் ஒளியன்று, காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்கள் உமிழும் சிங்க்ரோட்ரான் ஒளி என்றார். அப்படியானால் அது தளவிளைவு கொண்டிருக்க வேண்டும். தோம்ப்ரோவ்ஸ்கியும் வஷாகிட்ஸேயும் அளந்து பார்த்தனர், கொண்டிருந்தது. நிறமாலையால் உறுதியாகச் சொல்ல முடியாததைத் தளவிளைவு தீர்த்துவைத்தது. 1960களில் நெபுலாவிலிருந்து எக்ஸ்-கதிரும் வருவது தெரிந்ததும் அதே கேள்வி எக்ஸ்-கதிருக்கும் எழுந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோவிக் குழு இதை ஏற்றது. 1968இல், ஐதராபாத்திலிருந்து முதல் பலூன் ஏறிய அதே ஆண்டில், லித்தியம் கட்டிகளைச் சிதறுபொருளாகக் கொண்ட கருவியை ராக்கெட்டில் வைத்து ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1ஐ நோக்கியது. தளவிளைவு எதுவும் தென்படவில்லை. 1971இல் நண்டு நெபுலாவை நோக்கிய பறப்பில் 15 சதவீதத்தை ஒட்டிய அளவு கிடைத்தது. ஆனால் பிழைவரம்பே 5 சதவீதம். உறுதி வந்தது 1975 ஜூனில் ஏவப்பட்ட ஓ.எஸ்.ஓ.-8 செயற்கைக்கோளால்தான். அதிலிருந்த கிராஃபைட் படிகக் கருவியைக் கொண்டு மார்ட்டின் வைஸ்காஃபும் அவர் குழுவினரும் 2.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் நெபுலாவின் தளவிளைவை 19.2 சதவீதம் எனவும், பிழையை ஒரே ஒரு சதவீதம் எனவும் அறிவித்தனர்.

அதன்பின் நாற்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட மௌனம். எக்ஸ்-கதிர் வானியலின் பொற்காலம் என்று சொல்லப்படும் காலமே இது. ஐன்ஸ்டைன், சந்திரா, எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் என்று பெரும் ஆய்வுக்கூடங்கள் விண்ணில் நின்றன. எதிலும் தளவிளைவுமானி இல்லை. ரஷ்யாவின் ஸ்பெக்ட்ரம்-எக்ஸ் திட்டத்துக்காகச் செய்து சோதித்து முடித்த கருவி ஏவப்படவே இல்லை. அமெரிக்காவின் ஜெம்ஸ் திட்டம் 2012இல் செலவைக் காரணம் காட்டிக் கைவிடப்பட்டது. இந்தக் காலத்தைத் தொழில்நுட்பப் போதாமை என்று மட்டும் விளக்குவது போதாது. போட்டியில் தோற்ற கருவி என்பதே சரி. காரணம் எண்ணிக்கை.

ஒரு மூலத்தைக் கண்டுபிடிக்கச் சில பத்து ஃபோட்டான்கள் போதும். நிறமாலைக்குச் சில ஆயிரம். தளவிளைவுக்கோ இலட்சக்கணக்கில் வேண்டும். முழுத் தளவிளைவு கொண்ட கதிரைக்கூடக் கருவி நூறு சதவீதமாகக் காட்டாது; அது காட்டும் விகிதம் 0.4 என்று கொள்வோம். பின்னணி இரைச்சலே இல்லாத இலட்சிய நிலையில், 1 சதவீதத் தளவிளைவை 99 சதவீத நம்பகத்தோடு சொல்ல ஏறத்தாழ 11.5 இலட்சம் ஃபோட்டான்களை எண்ண வேண்டும். சிதறல் கருவியில் உள்ளே வரும் ஃபோட்டான்களில் ஒரு பகுதியே எண்ணிகளை அடைகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒரு மூலத்தைப் பல நாட்கள், சில வாரங்கள்கூட நோக்க வேண்டியிருப்பது ஏன் என்று விளங்கும். அந்தக் கால அளவில் பெரிய தொலைநோக்கி வேறு பல மூலங்களைப் பார்த்து முடித்துவிடும். நேரத்தைப் பங்கிடும் குழுக்கள் யார் பக்கம் சாய்ந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

வேறோர் ஆபத்தும் உண்டு. தளவிளைவின் அளவு எதிர்மமாக இருக்க முடியாது. எனவே தளவிளைவே இல்லாத மூலத்தை அளந்தாலும் வெறும் இரைச்சல் ஏதோவொரு நேர்ம எண்ணைத் தந்தே தீரும். சுற்றியுள்ள எண்ணிகளில் ஒன்று மற்றதைவிடச் சற்றுக் கூர்மையாக இருந்தாலும் போதும், இல்லாத தளவிளைவு பிறந்துவிடும். இதைத் தவிர்க்கவே எக்ஸ்போசாட், தான் நோக்கும் திசையை அச்சாகக் கொண்டு மெல்லச் சுழல்கிறது. ஒவ்வோர் எண்ணியும் எல்லாத் திசைக்கும் முறைவைத்து வருவதால் கருவியின் சொந்தக் கோணல் சராசரியில் கரைந்துபோகிறது. ஓர் அளவீட்டை நம்பத்தகுந்ததாக்க முழுச் செயற்கைக்கோளையே சுழற்ற வேண்டியிருக்கிறது.

மௌனம் கலைந்த விதத்தில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. ஆஸ்ட்ரோசாட்டின் காட்மியம் துத்தநாகம் டெல்லூரைடு கருவி தளவிளைவுக்கென்றே செய்யப்பட்டதன்று. ஆயினும் ஒரு படத்துணுக்கில் சிதறி அடுத்ததில் நிற்கும் ஃபோட்டான்களைப் பிரித்தெடுத்து, 100 முதல் 380 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான பட்டையில் நண்டு நெபுலாவின் தளவிளைவை அளந்த முடிவு 2017இல் வெளியானது. 2021 டிசம்பர் 9 அன்று அமெரிக்க, இத்தாலியக் கூட்டு முயற்சியான இக்ஸ்பீ ஏவப்பட்டது. அது 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை அளக்கிறது. சிதறலை அன்று, வாயுவில் உதிரும் எலக்ட்ரானின் தடத்தைப் படம்பிடிக்கிறது. எக்ஸ்போசாட்டின் போலிக்ஸ் 8 முதல் 30 வரை. ஒன்று முடியும் எண்ணில் மற்றது தொடங்குவது தற்செயலன்று: குறைந்த ஆற்றலில் எக்ஸ்-கதிர் பெரிலியத்தில் சிதறுவதற்கு முன் உறிஞ்சப்பட்டுவிடும், அதனால் சிதறல் கருவி அதற்குக் கீழே இறங்க முடியாது. மேல் எல்லையோ பழைய பலூன்களின் ஆட்சிப்பகுதிக்குள் நுழைகிறது. 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே ஐதராபாத்தின் கருவிகள் எண்ண மட்டும் முடிந்த ஃபோட்டான்களை, போலிக்ஸ் திசை கேட்கிறது.

எக்ஸ்போசாட் உலகின் இரண்டாவது தளவிளைவுச் செயற்கைக்கோள் என்று எங்கும் எழுதப்படுகிறது. இந்த எண் வரையறையைப் பொறுத்தது. ஓ.எஸ்.ஓ.-8 அடிப்படையில் சூரிய ஆய்வுக்கூடம் என்பதால் அதை விலக்கலாம். 2018இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகம் அனுப்பிய போலார்லைட் முழுக்கத் தளவிளைவுக்கானதே. கையடக்கமான சிறு செயற்கைக்கோள் என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வரிசை எண்ணைவிட உறுதியான பெருமை எக்ஸ்போசாட்டுக்கு வேறு உண்டு: 8 முதல் 30 வரையிலான இடைப்பட்டைக்கென்று தனியே ஒரு செயற்கைக்கோள் அதற்கு முன் இருந்ததில்லை. ராமன் நிறுவன ஆய்வகத்தில் சிதறல் கருவியின் முன்மாதிரி 2010 அளவிலேயே சோதிக்கப்பட்டது. ஏவுவதற்கு மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. இடையில் இக்ஸ்பீ முந்திக்கொண்டது.

முந்தியதால் இந்தியக் கருவி தேவையற்றுப் போனதா? நேர்மாறாக, இக்ஸ்பீயின் முடிவுகளே இடைப்பட்டையின் தேவையை உயர்த்தின. ஹெர்குலஸ் எக்ஸ்-1 என்னும் நியூட்ரான் விண்மீனை எடுத்துக்கொள்ளலாம். துணை விண்மீனிலிருந்து பொருளை ஈர்த்துக் காந்த முனைகளில் கொட்டிக்கொள்வது அது. அதன் எக்ஸ்-கதிரில் 60 முதல் 80 சதவீதம் வரை தளவிளைவு இருக்கும் என்று கோட்பாட்டாளர்கள் பல ஆண்டுகளாகக் கணித்திருந்தனர். இக்ஸ்பீ அளந்த சராசரி 10 சதவீதத்துக்கும் குறைவு. பாடநூல் மாதிரிகள் ஒரே அளவீட்டில் ஆட்டம் கண்டன. அந்த விண்மீனின் காந்தப்புலம் எலக்ட்ரான்களைக் குறிப்பிட்ட ஆற்றலில் உறிஞ்சவைக்கிறது. அந்த உறிஞ்சற்கோடு 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி நிற்கிறது. அக்கோட்டை நெருங்க நெருங்கத் தளவிளைவு எவ்வாறு மாறுகிறது என்பதே மாதிரிகளுக்கிடையே தீர்ப்புச் சொல்லும். இக்ஸ்பீயின் 8 அதற்கு எட்டாத தொலைவு. போலிக்ஸின் 30 அண்டை வீடு. அக்கோட்டை யோக்கிம் ட்ரூம்பரின் குழு 1976இல் முதலில் கண்டது டெக்சாஸின் பாலஸ்டைனிலிருந்து ஏறிய பலூன் ஒன்றில்தான் என்பதையும் இங்கே நினைக்கலாம். பலூன் எழுப்பிய கேள்விக்குச் செயற்கைக்கோள் விடை தேடுகிறது.

ஏவப்பட்ட சில நாட்களில், எக்ஸ்போசாட்டின் மற்றொரு கருவியான எக்ஸ்பெக்ட், காசியோப்பியா ஏ என்னும் வெடித்த விண்மீனின் எச்சத்தை நோக்கி முதல் நிறமாலையைப் பதிவு செய்தது. யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையம் உருவாக்கிய அது 0.8 முதல் 15 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை நீண்டகால மாற்றங்களைப் பின்தொடர்வதற்கானது. ஜனவரி நடுவில் போலிக்ஸ் கண் திறந்தது. முதல் இலக்கு வேறெது? நண்டு நெபுலா. நெபுலாவின் நடுவிலுள்ள துடிவிண்மீன் நொடிக்கு முப்பது முறை துடிப்பது முதல் தரவிலேயே தெரிந்தது. ஐதராபாத்துக்கு இந்த ஏவுதலில் நேரடிப் பங்கும் ஒன்று உண்டு: ஏவூர்தியின் நான்காம் கட்டம் 350 கிலோமீட்டருக்குத் தாழ்த்தப்பட்டு போயம்-3 என்னும் சோதனை மேடையாகச் சுற்றியபோது அதிலிருந்த கருவிகளுள் ஒன்று, ஐதராபாத்தைச் சேர்ந்த டேக்மீ2ஸ்பேஸ் நிறுவனத்தின் கதிர்வீச்சுத் தடுப்புச் சோதனை. அந்த மேடை 2024 மார்ச் 21 அன்று வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்தது.

எக்ஸ்போசாட்டின் சுற்றுப்பாதை 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு வெறும் 6 பாகை சாய்வில் அமைந்தது. ஆஸ்ட்ரோசாட்டுக்கும் இதே உயரம், இதே சாய்வுதான். இந்த எண்ணுக்குப் பின்னாலுள்ள தர்க்கம் 1960களில் ஐதராபாத்தைத் தேர்ந்தெடுத்த தர்க்கமே. காந்த நடுக்கோட்டை ஒட்டியே சுற்றினால் காந்தப்புலக் குடை காஸ்மிக் துகள்களைத் தடுக்கும். தென் அட்லாண்டிக்கின் மேலே துகள்கள் தாழ இறங்கிக் கிடக்கும் பகுதியின் விளிம்பை மட்டும் தொட்டுப் போகலாம். இரைச்சல் குறைந்த இடத்தைத் தேடி அன்று பம்பாயிலிருந்து தக்காணத்துக்கு வந்தவர்களின் கணக்கு, இன்று சுற்றுப்பாதைச் சாய்வாக எழுதப்பட்டிருக்கிறது.

அதன் விளைவு ஒன்று சற்றே வேடிக்கையானது. 6 பாகைச் சாய்வில் சுற்றும் செயற்கைக்கோள் இந்திய நிலப்பரப்பின் எந்த ஊருக்கும் நேர் மேலே வருவதில்லை. கன்னியாகுமரியே 8 பாகையில் இருக்கிறது. இலங்கையின் தென்முனையான தெவிநுவரைக்கு மேலே அது மயிரிழையில் கடக்கலாம். ஐதராபாத்திலிருந்து பார்த்தால் தெற்குத் தொடுவானத்துக்கு மேல் 20 பாகையைத் தாண்டி ஏறாது, ஈ.சி.ஐ.எல். பக்கத்துக் கட்டடங்கள் மறைக்காமல் இருந்தால், பலூன் களத்தின் திறந்த வெளியில் நின்று அந்தத் திசையை நோக்கலாம்.